மேசை இல்லாத வீட்டில் டெஸ்க்டாப்

கம்ப்யூட்டர் திரைக்கு 'டெஸ்க்டாப்' என்று பெயர் வைத்த புண்ணியவான்கள் எங்க பாலக்கோட்டுப் பக்கம் வந்து பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. நான் வளர்ந்த தெருவில் மேசை இருந்த வீடு ரெண்டோ மூணோதான். மண்டியில் கணக்கு எழுதுகிறவர் தரையில் சம்மணம் போட்டு, சாய்வான மரப்பெட்டியை முன்னாடி வைத்துக்கொண்டு எழுதுவார். பத்திரம், ரேஷன் கார்டு, ஜாதி சர்டிபிகேட் எல்லாம் மஞ்சப்பைக்குள் சுருட்டி தகரப்பெட்டியில் கிடக்கும். மேசை, அதன்மேல் ஃபைல், பக்கத்திலே குப்பைக்கூடை என்பதெல்லாம் அமெரிக்க ஆபீஸ் வாழ்க்கை. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் 1970-களில் முளைத்து, 1981-ல் ஸ்டார் என்ற கம்ப்யூட்டரில் விற்பனைக்கு வந்து, 1984-ல் மெக்கின்டாஷ் வழியாக உலகத்துக்கே பழகிப்போன கற்பனை அது.

சரி, கற்பனை நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லவில்லை. இந்தப் பதிவு அந்த மேசை கட்டற்ற மென்பொருள் வழியாகத் தமிழ் பேச ஆரம்பித்த கதையைப் பற்றி. (கட்டற்றது வேறு, இலவசம் வேறு என்று ஏற்கெனவே ஆயிரம் பதிவு வந்தாச்சு, நான் திரும்ப ஆரம்பிக்கலை, பயப்படாதீங்க.) மொழிபெயர்த்தவர்களின் கதை ஓரளவு தெரிந்ததுதான். எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி வேறே. அந்த மேசைக்கு முன்னாடி ஒரு தமிழ்ப் பிள்ளையை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு பின்னாடி நின்று பார்த்தது யார்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1996 அக்டோபரில் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்கிற மாணவர் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். லினக்ஸில் அப்போது ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் பொத்தான் மேலே, இன்னொன்றில் கீழே. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு இல்லை, சாதாரணமாகப் பயன்படுத்துகிற ஆளுக்கு ஒரு முகப்பு வேண்டும். அடுத்த வருஷமே, 1997 ஆகஸ்டில், மெக்ஸிகோக்காரர்கள் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் ஆரம்பித்தார்கள். கேடிஇ நம்பியிருந்த க்யூடி என்ற அடித்தளத்தின் உரிமம் அப்போது முழுக்கக் கட்டற்றதாக இல்லை என்பது சண்டை. அந்தச் சண்டையின் விவரம் இன்றைக்கு யாருக்கும் வேண்டாம். சாதாரண ஆளுக்காக ரெண்டு மேசை தயாராச்சு என்பதோடு விடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், செய்தவர்கள் எல்லாரும் நிரலாளர்கள். சாதாரண ஆள் எப்படி இருப்பான் என்று மனசுக்குள் ஒரு உருவம் வைத்துக்கொண்டு செய்தார்கள். உண்மையான ஆளை உட்கார வைத்துப் பார்த்தது 2001-ல்தான் பெரிய அளவில் நடந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் கம்ப்யூட்டர்களில் க்னோமைப் போட முடிவெடுத்திருந்தது. அதனால் அந்த வருஷம் மார்ச்சில் 12 பேரை அழைத்து, 'கடிகாரத்தை மாற்று', 'கோப்பைத் தேடு' என்கிற மாதிரி வேலை கொடுத்து, அவர்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். அறிக்கை ஜூலையில் வந்தது. நிரலாளர்களுக்குள்ளேயே புழங்கிய ஆப்லெட், பேனல் போன்ற சொற்கள் அந்த ஆட்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஒரு கடிகாரம் போதும் என்கிற இடத்தில் விதவிதமான கடிகாரங்களை அடுக்கி வைத்திருந்ததும் அவர்களைக் குழப்பியது. 2002 ஜூனில் வந்த க்னோம் 2 அவ்வளவு சிக்கனமாக, மொட்டையடித்த மாதிரி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே வருஷம், பொத்தான் எங்கே இருக்கணும், அதில் என்ன எழுதணும், ஆளைக் குழப்புகிற கலைச்சொல்லை எப்படித் தவிர்க்கணும் என்று ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டார்கள்.

கேடிஇக்கு அந்த வாய்ப்பு 2003-ல். பெர்லினில் ரெலவன்டிவ் என்ற நிறுவனம் 60 பேரை லினக்ஸ்-கேடிஇ முன்னாடியும், 20 பேரை விண்டோஸ் எக்ஸ்பி முன்னாடியும் உட்கார வைத்து ஒரே வேலைகளைக் கொடுத்தது. கேடிஇ கிட்டத்தட்ட எக்ஸ்பி அளவுக்கே வந்துவிட்டது என்று முடிவு. லினக்ஸ்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கொண்டாட்டம் இல்லை, அதற்கு ஆன செலவு எவ்வளவு குறைவு என்பது. யூசபிலிட்டி ஆசாமி யாக்கோப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார்: ஒரு சுற்றுக்கு அஞ்சு பேர் போதும், அஞ்சு பேரைப் பார்த்தாலே பெரிய ஓட்டைகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும் என்று. அஞ்சு பேர், ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. லேப் எல்லாம் வேண்டாம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

2000 வாக்கில் லினக்ஸில் தமிழ் என்றால் முதலில் எழுத்து தெரியணும். அதுவே பெரும்பாடு. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, தமிழக அரசு டாம், டாப் என்று ரெண்டு குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் இணையத்தில் திஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இருந்தாலும், 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போய் உட்காரணுமே, அதைச் செய்கிற நிரல் லினக்ஸில் இல்லை. முரசு, இ-கலப்பை, சுரதாவின் மாற்றி என்று நாம் விண்டோஸில் குட்டிக்கரணம் போட்ட காலம் அது, ஞாபகம் இருக்கா? அந்தப் பக்கம் க்யூடிக்குள் திஸ்கிக்கு ஒரு மாற்றி சேர்ந்தது. க்னோம் பக்கம் பாங்கோ என்கிற எழுத்து வரையும் நூலகம் வந்தது. 2002-ல் ஜிடிகே 2 வந்தபோது தமிழ் யூனிகோடு ஒரு வழியாகக் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைத்தது. 2004 வாக்கில் ரெட் ஹாட் லோகித் எழுத்துருவைக் கொடுத்தது.

இதற்கு நடுவில்தான் மொழிபெயர்ப்பு. கேடிஇயைத் தமிழாக்குகிற வேலையை, டொரோண்டோவில் இருந்த வெங்கட்ரமணன் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். பிறகு உபுண்டு வந்தபோது, நம்மில் பலருக்கு 'ஆமாச்சு'வாகத் தெரிந்த ஸ்ரீ ராமதாஸும் நண்பர்களும் உபுண்டு தமிழ்க் குழுமத்தைக் கொண்டுசெலுத்தினார்கள். சம்பளம் இல்லை, ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சரங்களைத் தமிழாக்கினார்கள். சரம் என்பது திரையில் வருகிற ஒவ்வொரு துண்டு எழுத்து. அது எங்கே வரும், பொத்தானிலா பட்டியிலா என்று பெரும்பாலும் தெரியாது, தனிச் சொல்லாக ஒரு கோப்பில் வரும். இந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிறவன் நான் இல்லை. அவர்கள் இல்லையென்றால் குறை சொல்லக்கூட எதுவும் இருந்திருக்காது.

ஆனா பாருங்க, நம்ம ஆட்கள் கூடிக்கூடிப் பேசினதெல்லாம் சொல் பற்றித்தான். ஜன்னலா சாளரமா? எலியா சுட்டியா? அடைவா கோப்புறையா? சொற்சண்டை நமக்குக் கரும்பு மாதிரி. எந்தச் சொல் தூயது, எது சங்க காலத்தில் இருந்தது என்று விவாதிப்போம். சன் நடத்திய சோதனையில், இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ள ஊரிலேயே பேனல், ஆப்லெட் என்பவை இடறின. அதே பேனலுக்கு 'பலகம்' என்றும், ஆப்லெட்டுக்கு 'குறுநிரல்' என்றும் நாம் அழகழகாகச் சொல் கண்டுபிடித்தோம். மூலத்தில் ஓட்டையான குடத்துக்குத் தமிழில் பூவேலை. மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது சொல் மட்டும்தான், குடத்தை மாற்றுகிற அதிகாரம் அவரிடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, தமிழ் முகப்பு வைத்துக் கொடுத்தேன். அக்கா பையன் அப்போ ஒன்பதாவது, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'பணியிடம் 1, பணியிடம் 2' என்று திரையின் ஓரத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "வேலைக்கு ஆள் எடுக்குறாங்களா மாமா?" என்றான். அவனுக்குப் பணியிடம் என்றால் பேப்பரில் வருகிற 'பணியிடங்கள் காலி'தான். 'முனையம்' என்றால் பஸ் ஸ்டாண்டு வாசலில் எழுதியிருக்கிற பேருந்து முனையம். 'அமர்வை முடி' என்பதை அவன் தொடவே இல்லை, ஏதோ பெரிய சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட்டான். 'கடவுச்சொல்' கேட்டபோது அவன் கேட்டது உங்களுக்கே தெரிந்திருக்கும். "கடவுள் சொல்லா மாமா?"

சிரிக்கலாம். ஆனா அந்தப் பையன் மக்கு கிடையாது. எங்க பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் புத்தகத் தமிழ் படிக்கிற பிள்ளைகள் நிறைய. பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த அப்பா நாலு வார்த்தை ஹிந்தியும் சேர்ப்பார். இவ்வளவு மொழியைச் சமாளிக்கிற பிள்ளைக்குக் குறுநிரலைச் சொல்லிக்கொடுத்தால் கத்துக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 1999-ல் தில்லி கல்காஜியில் சுகதா மித்ரா சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தாரே, அந்தக் குடிசைப் பிள்ளைகள் அம்புக்குறியை ஊசி என்றார்கள், காத்திருக்கச் சொல்லும் மணல் கடிகாரத்தை சிவனோட உடுக்கை என்றார்கள். மணல் கடிகாரத்தை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை, உடுக்கையைப் பார்த்திருந்தார்கள். பெயர் அவர்களே வைத்தது, அதனால் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்குப் பெரிசாப் பட்டது. 'சேமி' என்று எழுதணுமா, 'சேமிக்கவும்' என்று எழுதணுமா? இங்கிலீஷில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே 'சேவ்'. தமிழில் பொத்தான் என்பது மனுஷன் மெஷினுக்கு இடுகிற கட்டளை, அதனால் 'சேமி' சரி. 'பெயரை உள்ளிடவும்' என்பது மெஷின் மனுஷனிடம் கேட்பது, அங்கே மரியாதை வேணும். ரெண்டும் கலந்து கிடந்தால் யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்றே தெரியாது. ஒரு பெட்டியில் 'நீக்கு' என்று இருக்கும், இன்னொன்றில் 'நீக்கவும்' என்று இருக்கும். என் மருமகன் 'நீக்கவும்' என்பதை அறிவிப்புப் பலகை மாதிரி படித்துவிட்டு, எதை நீக்கச் சொல்கிறது என்று திரை முழுக்கத் தேடினான். அது அழுத்த வேண்டிய பொத்தான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பையனாவது வாய்விட்டுக் கேட்டான். அக்காவிடம் "எப்படிக்கா இருக்கு?" என்றால், "நல்லா இருக்குடா தம்பி, நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்பதே பதில். இது நம் ஊர் வியாதி. முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டோம். இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அபலா லாஹிரி சவான் என்கிற இந்திய யூசபிலிட்டி நிபுணர். 'பாலிவுட் முறை' என்று பெயர். "இந்தத் தளத்தில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள்" என்றால் நம் ஆட்கள் மரியாதையாக எடுத்துவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். அதனால் அவர் சினிமாக் கதை ஒன்றைக் கட்டினார்: உங்க உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை தாதா கும்பல் ஆள், ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்று இப்பதான் தெரிஞ்சது, உடனே டிக்கெட் எடுத்துப் போய் நிறுத்தணும்! கதைக்குள் போய்விட்டால் மரியாதை பறந்துவிடும், திட்டு வெளியே வரும்.

நானும் செய்து பார்த்தேன். "அக்கா, சித்தி பொண்ணு நிச்சயதார்த்த போட்டோவெல்லாம் இதுலதான் இருக்கு, மாமாகூட யார் நிக்கிறாங்கன்னு பாரேன்" என்று மட்டும் சொன்னேன். அக்கா சுட்டியைப் பிடித்து ரெண்டு தடவை சொடுக்கினால், முதல் சொடுக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கை நகர்ந்து, படக்குறி திரையில் எங்கேயோ போய்விழும். நாலாவது தடவை "என்ன எழவுடா இது, தொட்டா ஓடுது" என்றாள். வந்துச்சு பாருங்க உண்மை.

இந்த ரெட்டைச் சொடுக்குக்கு ஒரு வரலாறே உண்டு. கேடிஇ ஆரம்பத்திலிருந்தே ஒற்றைச் சொடுக்கில் கோப்பு திறக்கும்படி வைத்திருந்தது, வெப்பக்கத்துச் சுட்டி மாதிரி. முதல் தடவையாகத் தொடுகிற அக்காவுக்கு அதுதான் சரி. விண்டோஸ் பழகின கைக்கு அது எரிச்சல், ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துகொள்ளும். அதனால் கேடிஇயைத் தருகிற பல லினக்ஸ் வழங்கல்கள் தாங்களாகவே ரெட்டைக்கு மாற்றிக் கொடுத்தன. கடைசியில் 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-ல் கேடிஇயே ரெட்டைச் சொடுக்கை இயல்பாக்கிவிட்டது. ஏற்கெனவே தெரிந்தவனுக்காக மேசையைச் செய்வதா, இனிமேல் தெரிந்துகொள்ளப் போகிறவளுக்காகச் செய்வதா என்கிற போட்டியில் தெரிந்தவன்தான் ஜெயிப்பான், அவனுக்குத்தான் வாய் இருக்கு.

அரசாங்கத்துப் பக்கம் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். 2000-களின் நடுவில் தமிழ்நாட்டு பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தைத் திறந்தால், மைக்ரோசாஃப்ட் வேர்டு இருக்காது, ஸ்டார் ஆபீஸ் ரைட்டர் இருக்கும். எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை என்று பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். ஒரு மென்பொருளின் முகப்பைக் கண்ணால் பார்க்காமலே ஒப்பிக்க முடியும் என்பதை உலகத்துக்கு நிரூபித்தது நம்ம பிள்ளைங்கதான் :-) 2006-க்குப் பிறகு உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட், தன் அலுவலகத்தையே சூசி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2007-ல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. க்னோம் மேசை, இந்திய மொழிகளில் முகப்பு.

பிறகு 2011 செப்டம்பர் 15. இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கில் போன அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. தர்மபுரியை நினைத்துப் பாருங்கள். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-ல் கிருஷ்ணகிரியையும் பிரித்துக் கொடுத்துவிட்டு நின்ற மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம். பென்னாகரத்துப் பக்கம், அரூர் பக்கம் மலையடிவாரத்து வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டராக ஒன்று நுழைகிறது, அதற்குள் தமிழ் தெரிந்த ஒரு கட்டற்ற மேசை இருக்கிறது. பாஸ்டனிலும் பெர்லினிலும் இருந்தவர்கள் கனவில்கூடக் காணாத வாய்ப்பு.

அந்த மேசைக்குப் போகிற வாசல் எப்படி இருந்தது தெரியுமா? ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு இயங்குதளம் இருந்தால், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் நாலைந்து வரி வரும். சுட்டி வேலை செய்யாது, அம்புக்குறி விசையால் இறங்கி, சில நொடிக்குள் தேர்ந்தெடுக்கணும். இல்லையென்றால் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். மேசையில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கியாச்சு, வாசல்படி மட்டும் அப்படியே. நான் பார்த்த பிள்ளைகளில் அந்த இன்னொரு வரி என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும் "அதைத் தொடாதே, கெட்டுப்போயிடும்" என்பதே அண்ணன்மார் சொன்ன பதில். டவுனில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடைகளில், "அது வேஸ்ட்டு தம்பி, அழிச்சுட்டா இடம் கிடைக்கும்" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

தமிழ் மோசம், லினக்ஸ் கஷ்டம் என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்திலேயே கேரளா இருக்கு. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே கட்டற்ற மென்பொருள் பக்கம் போனது. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே லினக்ஸில் நடந்தது. பிள்ளை எங்கே முழிக்கிறாள் என்பது வகுப்பில் நிற்கிற டீச்சருக்குத் தெரியும், டீச்சருக்குப் பயிற்சி கொடுத்தவருக்கு அது போய்ச்சேரும், அடுத்த பதிப்பில் ஏதோ ஒன்று மாறும். யூசபிலிட்டி என்ற வார்த்தையே இல்லாமல் அந்த வேலை அங்கே நடந்துவிட்டது. நம்மிடம் மென்பொருள் வீட்டுக்கே போனது, கூடவே யாரும் போகவில்லை.

இதே 2011-ல் மேசைகளே தலைகீழாகின. ஏப்ரலில் க்னோம் 3 வந்தது, கீழே இருந்த பட்டை காணோம், சிறிதாக்கும் பொத்தான் காணோம். அதே மாதம் உபுண்டு, யூனிட்டி என்ற சொந்த முகப்பை இயல்பாக்கியது. லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். பழைய க்னோமை விட மனசில்லாதவர்கள் மேட்டே என்று கிளை பிரித்து இன்றுவரை வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேசை மாறினால் சரங்களும் மாறும். பலகத்துக்கும் குறுநிரலுக்கும் மண்டையை உடைத்து வைத்த சொற்கள் இருக்க, திரையில் பலகமும் குறுநிரலும் இல்லை.

இந்த வேகத்துக்குப் பாடப்புத்தகம் ஓடுமா? 2018-ல் தமிழ்நாட்டில் புதுப் பாடத்திட்டத்தில் வந்த பதினோராம் வகுப்பு கம்ப்யூட்டர் புத்தகத்தில் உபுண்டுவுக்கு இடம் கிடைத்தது, ஓப்பன் ஆபீஸுக்கும் கிடைத்தது. சந்தோஷமான விஷயம். ஆனால் அதில் விளக்கியிருக்கிற லாஞ்சரும் படக்குறிகளும் யூனிட்டியுடையவை. உபுண்டு 2017 அக்டோபரிலேயே யூனிட்டியை விட்டுவிட்டு க்னோமுக்குத் திரும்பியிருந்தது. புதுசாக உபுண்டு நிறுவிய ஒரு பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் ரெண்டும் வேறு வேறு. பரீட்சையில் புத்தகம்தான் சரி.

விசைப்பலகை பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்ம ஆட்கள் கோவிச்சுக்குவீங்க. தர்மபுரி மாதிரி ஊரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர்கள் என்று அப்போது ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் பண்ணினவர்கள். டிடிபி சென்டரில், வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள். லினக்ஸ் மேசையில் அவர்கள் போய்த் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பட்டியலைத் திறந்தால், 'தமிழ் டாப் டைப்ரைட்டர்', 'தமிழ் திஸ்கி டைப்ரைட்டர்', 'தமிழ் யூனிகோடு' என்று வரிசையாக இருக்கும். டைப்ரைட்டர் என்ற சொல்லைப் பார்த்து ஆசையாகத் தேர்ந்தெடுத்தால், விரல் பழகின இடத்தில் எழுத்து இருக்காது. குறியாக்கம் என்பது மெஷினுக்குள்ளே நடக்கிற சமாச்சாரம். விசை எங்கே இருக்கு என்று கேட்கிறவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? காய் வாங்க வந்தவரிடம் லாரி நம்பரைச் சொல்கிற மாதிரி. ஹையர் பாஸ் பண்ணின ஒரே ஒரு ஆளை உட்கார வைத்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு டாமையும் டாபையும் விட்டு யூனிகோடைத் தரமாக்கியது. டைப்ரைட்டர் என்ற பெயரும் பட்டியலிலிருந்து போய் 'தமிழ்நெட் 99' ஆகிவிட்டது. இன்றைக்கு என் மேசையில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'தமிழ்நெட் 99' இருக்கிறது. அதற்குக் கீழேயே 'தமிழ்நெட் 99, டாப் குறியாக்கம்', 'தமிழ்நெட் 99, திஸ்கி குறியாக்கம்' ரெண்டும் இன்னும் இருக்கின்றன, இங்கிலீஷில்.